பெரிய குடும்பத்துக்குப் பழைய ஹைபிரிட் ட்ரெய்லர்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கனடாவில் கோடை வந்தால் நம் வீடுகளில் ஆள் கூடிவிடும். ஊரிலிருந்து தாத்தா, பாட்டி சூப்பர் விசாவில் வந்திருப்பார்கள். பிள்ளைகளுக்கு ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் விடுமுறை. முகாம் போனால் எட்டுப் பேரைக் கூடாரத்தில் தரையில் படுக்கவைக்க முடியாது; பாட்டியின் முழங்கால் கேட்காது. ஹோட்டலில் ஒவ்வொரு முறையும் இரண்டு அறை எடுப்பதும் கட்டுப்படியாகாது. இப்படிப்பட்ட குடும்பத்துக்கு, வண்டியின் பின்னால் இழுத்துப் போய் நிறுத்தியதும் படுக்கைகள் வெளியே விரியும் பழைய ஹைபிரிட் ட்ரெய்லர் மிகப் பொருத்தமானது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் புதிதாக வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் படுக்கைகளை எண்ணிப் பார்த்துவிட்டு முடிவெடுத்துவிடுகிறார்கள். படுக்கை எந்த ஹைபிரிட்டிலும் தாராளமாகவே கிடைக்கும். காசைக் கரைப்பவை வேறு இரண்டு: உங்கள் வண்டி எவ்வளவு சுமை தாங்கும் என்பதும், நீங்கள் பார்க்கப் போகும் ட்ரெய்லருக்குள் ஏற்கெனவே எவ்வளவு தண்ணீர் இறங்கியிருக்கிறது என்பதும். இந்த இரண்டிலும் தேறினால் மற்ற குறைகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொள்ளலாம். அதனால் இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி இவற்றுக்கே போகும். உதாரணங்கள் ஒன்டாரியோவை வைத்து எழுதியவை. அமெரிக்காவில் இருப்பவர்களுக்கும் பதிவு, காப்பீடு, சட்ட விதிகள் தவிர மற்றதெல்லாம் பொருந்தும்.

ஹைபிரிட் என்றால்

மின்சாரத்தில் ஓடும் ஹைபிரிட் காருக்கும் இதற்கும் தொடர்பில்லை. கெட்டியான சுவரும் கூரையும் கொண்ட சாதாரண ட்ரெய்லர்தான் இது. முன்பக்கச் சுவரிலும் பின்பக்கச் சுவரிலும் பெரிய கதவு போல ஒரு பகுதி இருக்கும். அதைக் கீழ்நோக்கித் திறந்தால் அந்தக் கதவே படுக்கைத் தட்டாகிவிடும். அதன் மேல் கேன்வாஸ் கூடாரம் விரியும். சில மாடல்களில் பக்கவாட்டிலும் ஒன்று உண்டு. குளியலறை, அடுப்பு, ஃபிரிட்ஜ், ஹீட்டர் எல்லாம் கெட்டிச் சுவருக்குள்ளேயே இருக்கும். ரோட்டில் போகும்போது சிறிய பெட்டி, நிறுத்தி விரித்ததும் பெரிய வீடு. அதே அளவு படுக்கை உள்ள முழுக் கெட்டிச் சுவர் ட்ரெய்லரைவிட நீளமும் எடையும் குறைவு.

பழைய விளம்பரங்களில் அடிக்கடி கண்ணில் படும் பெயர்கள்: ஜெய்கோவின் ஜே ஃபெதர் வரிசையில் கூடாரப் படுக்கை உள்ளவை, ஃபாரஸ்ட் ரிவரின் ராக்வுட் ரூ, ஃபிளாக்ஸ்டாஃப் ஷாம்ராக், ஸ்டார்கிராஃப்டின் டிராவல் ஸ்டார். இதில் ரூவும் ஷாம்ராக்கும் ஒரே நிறுவனத்தின் இரட்டைப் பிள்ளைகள். ஒன்றைத் தேடிக் கிடைக்கவில்லை என்றால் மற்றதன் பெயரில் தேடுங்கள்; மாடல் எண்கள்கூடப் பெரும்பாலும் ஒத்துப்போகும்.

முதல் வேலை: உங்கள் வண்டியின் கதவைத் திறங்கள்

ட்ரெய்லர் விளம்பரம் எதையும் பார்ப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவுச் சட்டத்தில் டயர் காற்றழுத்தம் அச்சிட்ட ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் “ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை கிலோ அல்லது இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது” என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதுதான் உங்கள் வண்டியின் பேலோட். ஒரே மாடலில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வண்டிகளுக்குக்கூட இந்த எண் மாறும். சன்ரூஃப், பெரிய சக்கரம் என்று எது கூடினாலும் பேலோட் குறையும். அதனால் இணையத்தில் தேடாதீர்கள், உங்கள் கதவில் இருப்பதையே எழுதிக்கொள்ளுங்கள்.

விற்பனையாளர்கள் சொல்வது வேறொரு எண்: “இந்த வண்டி 8,000 பவுண்டு இழுக்கும் சார்.” அது பொய்யில்லை. ஆனால் ஓட்டுநரும் ஒரு பயணியும் மட்டும் உட்கார்ந்திருப்பதாக வைத்துக் கணக்கிட்ட எண் அது. எட்டுப் பேர் ஏறிய வண்டிக்கு அது பொருந்தாது.

ட்ரெய்லர் தன் எடையில் ஒரு பங்கை ஹிட்ச் எனும் இணைப்புக் கொக்கி வழியாக உங்கள் வண்டியின் பின்புறத்தில் அழுத்தும். அதற்கு டங் வெயிட் என்று பெயர். சாமான் ஏற்றிய ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை அது இருக்க வேண்டும். 10-க்குக் குறைந்தால் நெடுஞ்சாலையில் ட்ரெய்லர் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்துவிடும். அது உயிருக்கே ஆபத்து. ஆட்கள், சாமான், இந்த டங் வெயிட் மூன்றும் சேர்ந்து அந்த ஸ்டிக்கர் எண்ணுக்குள் அடங்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எட்டுப் பேர் உட்காரும் ஒரு பெரிய எஸ்.யூ.வி., பேலோட் 1,550 பவுண்டு. அப்பா, அம்மா 320. தாத்தா, பாட்டி 270. நான்கு பிள்ளைகள் 255. ஆக, ஆட்களே 845. பின்னால் பைகள், ஐஸ் பெட்டி 100. எடையைப் பரப்பிக் கொடுக்கும் ஹிட்ச் ஒன்று தேவைப்படும், அது 80. மொத்தம் 1,025. மிச்சம் இருப்பது 525 பவுண்டு. சாமான் ஏற்றி 5,200 பவுண்டு வரும் ஹைபிரிட்டைப் பூட்டினால், 12 சதவீதம் என்று வைத்தாலும் டங் வெயிட் 624. கிட்டத்தட்ட 100 பவுண்டு அதிகம். “8,000 இழுக்கும்” என்ற அதே வண்டி, 5,200-க்கே தாங்கவில்லை. இதே குடும்பம் ஏற்றிய எடை 4,200 பவுண்டுக்குள் வரும் ட்ரெய்லரைத் தேட வேண்டும்.

எடையைப் பரப்பும் ஹிட்ச் போட்டால் பேலோட் கூடிவிடும் என்று சிலர் சொல்வார்கள். கூடாது. சுமையை முன் சக்கரங்களுக்கும் ட்ரெய்லர் சக்கரங்களுக்கும் கொஞ்சம் பகிர்ந்து கொடுத்து வண்டியை நிமிர்த்தி வைக்கும், ஸ்டியரிங் கைக்குள் இருக்கும். அவ்வளவுதான். ஸ்டிக்கர் எண் அப்படியே இருக்கும்.

மினிவேன் வைத்திருப்பவர்களுக்கு: ஹோண்டா ஒடிஸி, டொயோட்டா சியன்னா போன்றவற்றின் உச்ச வரம்பு 3,500 பவுண்டு. குடும்பம் நிறைந்த மினிவேனில் ஹைபிரிட் இழுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கூரை மேலெழுந்து கேன்வாஸ் சுவரோடு விரியும் பாப்-அப் ட்ரெய்லர் பாருங்கள். பிக்-அப் டிரக் வைத்திருப்பவர்களுக்குச் சுமை பிரச்சினை குறைவு, ஆனால் ஆறு பேருக்கு மேல் உட்கார முடியாது. அப்போது இரண்டாவது காரில் தாத்தா பாட்டியை ஏற்றிக்கொண்டு சித்தப்பா பின்னால் வருவது நேர்மையான தீர்வு. முதல் வண்டியின் சுமையும் இறங்கும். முகாமிலிருந்து கடைக்குப் போக ஒரு காரும் கையில் இருக்கும். ஓடும் ட்ரெய்லருக்குள் ஆட்களை உட்காரவைப்பது மட்டும் கூடவே கூடாது; ஒன்டாரியோவில் அது சட்டத்துக்கும் புறம்பு.

ட்ரெய்லரின் எடையை எங்கே பார்ப்பது? வெளிச்சுவரில் இடது பக்கம், முன்புறமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஜி.வி.டபிள்யூ.ஆர். என்று போட்டிருப்பது, அந்த ட்ரெய்லர் எல்லாம் ஏற்றிய பின் அதிகபட்சமாக இருக்கலாம் என்ற எடை. கணக்குப் போட அதையே எடுத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் வரும் “டிரை வெயிட்” பெரும்பாலும் ஏசி, பேட்டரி, கேஸ் சிலிண்டர், வெய்யில் மறைப்பு எதையும் சேர்க்காத எண். பெரிய குடும்பம் அதற்கு மேல் அரிசி மூட்டையிலிருந்து சைக்கிள் வரை ஏற்றும். தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் லிட்டருக்கு ஒரு கிலோ. 110 லிட்டர் தொட்டி என்றால் சுமார் 240 பவுண்டு. முகாமில் குழாய் இருந்தால் தொட்டியைக் காலியாகவே ஓட்டிப் போங்கள்.

யார் எங்கே படுப்பது

“எட்டுப் பேர் படுக்கலாம்” என்று எழுதியிருப்பதில் சாப்பாட்டு மேசையை மடக்கிச் செய்யும் படுக்கையும் சோஃபாவும் அடக்கம். ஆளுக்கு ஒரு பெயர் எழுதிப் பாருங்கள். கூடாரப் படுக்கையின் தட்டு கிட்டத்தட்ட இடுப்புக்கு மேல் உயரத்தில் இருக்கும். ஏற ஒரு முக்காலி வேண்டும். பாட்டிக்கு அது சரிப்படாது. இரவில் இரண்டு முறை கழிப்பறைக்கு எழுகிற பெரியவர்களுக்கு உள்ளே இருக்கும் சோஃபாவோ மேசைப் படுக்கையோதான் பொருத்தம். அப்படியென்றால் பிள்ளைகள் தூங்கிய பின்னும் மற்றப் பெரியவர்கள் மேசையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க முடியாது. இதையெல்லாம் வாங்கும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள்.

பிள்ளைகளுக்குக் கூடாரப் படுக்கை கொண்டாட்டம். மூன்று பேர் குறுக்காகப் படுத்துக்கொள்வார்கள். ஆனால் அதன் வெளி ஓரத்தில் கேன்வாஸ் மட்டுமே இருப்பதால் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையை அங்கே படுக்கவைக்க வேண்டாம். படுக்கையின் எடை வரம்பு தட்டின் ஓரத்திலோ கையேட்டிலோ இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். குளிரும் கணக்கில் வர வேண்டும். ஒன்டாரியோவின் வடக்கே மே மாத இரவில் உறைநிலைக்கு அருகே போய்விடும். ஹீட்டர் ஓடினாலும் கேன்வாஸ் வழியே சூடு வெளியேறிக்கொண்டே இருக்கும். கூடாரத்தின் மேல் போடும் வெள்ளிப் பூச்சு விரிப்புகள் கிடைக்கின்றன, வெய்யிலுக்கும் குளிருக்கும் நன்றாக உதவும்.

எங்கே போகப் போகிறீர்கள், எங்கே நிறுத்தப் போகிறீர்கள்

கரடி நடமாடும் சில முகாம்களில் கேன்வாஸ் உள்ள ட்ரெய்லருக்கு அனுமதி கிடையாது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாம் கெட்டிச் சுவர் வண்டிகளுக்கு மட்டும்தான். பான்ஃப் பூங்காவில் லேக் லூயீஸில் இரண்டு பகுதிகள் உண்டு; கூடாரம், பாப்-அப், ஹைபிரிட் எல்லாம் மின்வேலி போட்ட பகுதியில்தான் தங்க வேண்டும். மேற்கே மலைப் பயணம்தான் உங்கள் கனவு என்றால் இதை மனதில் வையுங்கள். அல்கான்குயின், பைனரி, சாண்ட்பேங்க்ஸ் என்று ஒன்டாரியோ பூங்காக்களையே சுற்றப் போகிறவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு பெரும்பாலும் குறுக்கே வராது. அங்கே ஒரு முகாமிடத்துக்கு 6 பேர் என்பது பொது வரம்பு. ஒரே குடும்பம் அதற்கு மேல் இருந்தால் முன்பதிவு செய்யும்போதே விதியைப் படித்துக்கொள்ளுங்கள். முன்பதிவு 5 மாதம் முன்னதாகக் காலை 7 மணிக்குத் திறக்கும். கோடை வார இறுதிகளில் நல்ல இடங்கள் நிமிடங்களில் போய்விடும்.

நிறுத்தும் இடம் ஹைபிரிட்டுக்கு மற்ற ட்ரெய்லர்களைவிட முக்கியம். மழையில் மடித்துக் கொண்டுவந்த கேன்வாஸை ஒன்றிரண்டு நாளுக்குள் மறுபடி விரித்துக் காயவைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். வீட்டு டிரைவ்வேயில் முன்னும் பின்னும் படுக்கையைத் திறக்க இடமிருக்கிறதா என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். பல நகராட்சிகள் வீட்டின் முன் ட்ரெய்லர் நிறுத்துவதற்கு நாள் வரம்பு வைத்திருக்கின்றன; உங்கள் ஊர் அலுவலகத்தில் கேளுங்கள். வாடகை யார்டில் விடுவதானால், அங்கே அரை நாள் விரித்து வைக்க விடுவார்களா என்று முதலில் கேட்டுவிட்டு ஒப்பந்தம் போடுங்கள்.

தேடுவது

கிஜிஜி, ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் இரண்டிலும்தான் தனியார் விற்பனை அதிகம். செப்டம்பர், அக்டோபரில் விலை இறங்கும். குளிர்காலம் முழுவதும் வைத்துக் காக்க விரும்பாதவர்கள் அப்போதுதான் விற்பார்கள். பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். “நான் வெளியூரில் இருக்கிறேன், இ-ட்ரான்ஸ்ஃபர் போட்டால் பிடித்து வைக்கிறேன்” என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

போனில் கேட்க வேண்டியவை சில: எத்தனை வருடமாக உங்களிடம் இருக்கிறது? குளிர்காலத்தில் எங்கே நிறுத்தினீர்கள்? கூரையில் சீலன்ட் (இடுக்குகளை அடைக்கும் பசை) கடைசியாக எப்போது போட்டீர்கள்? எங்காவது ஒழுகியதுண்டா? கூரை சீலன்ட் பற்றிக் கேட்டதும் மாதம், வருடம் சொல்லிப் பதில் தருகிறவரின் ட்ரெய்லரைப் பார்க்கப் போகலாம். “அதெல்லாம் எதுவும் செய்ததில்லை, ஒழுகவே ஒழுகாது” என்கிறவருடையதை வரிசையில் கடைசியில் வையுங்கள். ஏனென்றால் எல்லா ட்ரெய்லர் கூரைக்கும் சீலன்ட் சில வருடங்களில் வெடிக்கத்தான் செய்யும்.

போவதற்கு முந்திய இரவே ஃபிரிட்ஜைப் போட்டு வைக்கச் சொல்லுங்கள். இந்த வகை ஃபிரிட்ஜ் குளிர்வதற்குப் பல மணி நேரம் எடுக்கும். நீங்கள் போன பிறகு போட்டால் எதுவும் தெரியாது. படுக்கைகளை மட்டும் மூடியே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

நேரில் பார்ப்பது: முதலில் மூக்கு

படுக்கைகளை மூடி வைக்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கதவைத் திறந்து உள்ளே போன முதல் நொடியில் வரும் வாடை பொய் சொல்லாது. ஈரத் துணி வாடையோ, அதை மறைக்க அடித்த வாசனைத் திரவமோ வந்தால் எச்சரிக்கையாகுங்கள். அப்புறம் கூடாரப் படுக்கையைத் திறக்கச் சொல்லி, விரியும்போதே அருகில் நின்று மூச்சை இழுத்துப் பாருங்கள்.

பிறகு மெத்தையைத் தூக்குங்கள். இது பலரும் செய்யாத காரியம். மெத்தைக்கு அடியில் இருக்கும் தட்டுதான் ஓட்டும்போது வெளிச்சுவராக நிற்கும் கதவு. மழையில் ஓடும்போது எதிர்க்காற்று தண்ணீரை முன்பக்கக் கதவின் ரப்பர் விளிம்பு வழியாக உள்ளே தள்ளும். அந்தத் தண்ணீர் கீழ்நோக்கி வழிந்து கீல் இருக்கும் ஓரத்தில் தேங்கும். அதனால் கீல் ஓரம் முழுக்கக் கட்டைவிரலால் நான்கு அங்குலத்துக்கு ஒருமுறை அழுத்திக்கொண்டே போங்கள். நல்ல பலகை அசையாது. ஊறிய பலகை விரலுக்குக் கீழே மெதுவாக அமுங்கும், சில சமயம் நிறம் காப்பிக் கறை போல மாறியிருக்கும். முன்பக்கத் தட்டு, பின்பக்கத் தட்டு இரண்டிலும் இதைச் செய்யுங்கள். ரப்பர் விளிம்பில் விரிசலோ தட்டையாக நசுங்கிய இடமோ இருந்தால் அதுதான் தண்ணீரின் வாசல். ரப்பரை மாற்றச் செலவு குறைவு. பலகை அழுகியிருந்தால் பெரிய வேலை.

சுவர்களுக்கு வாருங்கள். ட்ரெய்லர் சுவரில் இரண்டு வகை உண்டு. ஒன்று மரச்சட்டத்தின் மேல் நெளிநெளியான அலுமினியத் தகடு அடித்தது. மற்றொன்று ஃபைபர் கிளாஸ், மெல்லிய ஒட்டுப்பலகை, ஃபோம் எல்லாம் சேர்த்து ஒட்டிய வழவழப்பான சுவர். ஹைபிரிட்களில் இரண்டாவது வகை அதிகம். இதற்குள் தண்ணீர் போனால் ஒட்டு விட்டுவிடும். வெளியே நின்று சுவரோடு கண்ணை ஒட்டி வைத்து, நீளவாக்கில் வெய்யில் படும்படி பாருங்கள். பொரித்த அப்பளம் போல எங்காவது உப்பியிருந்தால் அதற்குப் பெயர் டீலாமினேஷன். அதை லாபகரமாகச் சரிசெய்ய முடியாது. எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்காதீர்கள்.

உள்ளே கூரையின் நான்கு மூலைகள், ஜன்னல்களுக்குக் கீழே, காற்றுப்போக்கிகளைச் சுற்றி, அலமாரிகளுக்குள் பின்சுவர், சாப்பாட்டு மேசை இருக்கைக்கு அடியில் என்று ஒவ்வொரு இடமாகக் கையை வைத்துப் பாருங்கள். புதிதாக வால்பேப்பர் ஒட்டிய ஒரே ஒரு மூலை இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஊசி முனை உள்ள ஈரமானி ஹார்டுவேர் கடைகளில் மலிவாகவே கிடைக்கும், வாங்கிக்கொண்டு போங்கள். மரத்தில் 15 சதவீதத்துக்குக் கீழே என்றால் நிம்மதி. 20-ஐத் தாண்டினால் அங்கே ஈரம் இருக்கிறது. ஊசி துளை விழும் என்பதால் விற்பவரிடம் கேட்டுவிட்டு மறைவான இடங்களில் குத்துங்கள். தரையில் கதவுக்கு உள்ளே, கழிப்பறையைச் சுற்றி, ஸ்லைடு (சுவரோடு வெளியே நகரும் பகுதி) இருந்தால் அதன் ஓரத்தில் குதிகாலை ஊன்றி நடந்து பாருங்கள். மெத்தென்று இருந்தால் அடியில் அழுகல்.

ஏணி வைத்துக் கூரையை அவசியம் பார்க்க வேண்டும். ரப்பர் கூரைகளில் காற்றுப்போக்கி, ஏசி, விளிம்புகளைச் சுற்றித் தானாகப் பரவி நிற்கும் சீலன்ட் போட்டிருப்பார்கள். டைகார் என்ற பெயர் அடிக்கடி காதில் விழும். மேலே முடி போன்ற வெடிப்பு இருந்தால் சரிசெய்யலாம். சாதாரண சிலிக்கான் பூசியிருந்தால் அவசரத்துக்கு ஒழுகலை அடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதற்கு நேர் கீழே உள்ளே போய் மறுபடி தடவிப் பாருங்கள்.

கேன்வாஸ்

முழுதாக விரித்து, உள்ளே ஒருவர் நின்று, வெளி வெளிச்சத்துக்கு எதிரே அண்ணாந்து பார்க்க வேண்டும். ஊசித் துளைகள் வெளிச்சப் புள்ளிகளாகத் தெரியும். மடிப்பு விழும் கோடுகளிலும் இரும்புக் கம்பி உரசும் இடங்களிலும்தான் முதலில் தேயும். கறுப்புப் புள்ளிகள் பூஞ்சை. கொஞ்சம் இருந்தால் துப்புரவு செய்யலாம், ஆனால் பிளீச் போடக் கூடாது. துணியின் நீர்க்காப்பும் தையலும் போய்விடும். ஆஸ்துமா உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் பூஞ்சை பிடித்த கேன்வாஸ் பக்கமே போகாதீர்கள். எல்லா ஜிப்பையும் ஒருமுறை முழுக்க இழுத்து மூடுங்கள். கேன்வாஸ் மாற்றிக்கொள்ளலாம், ஒரு முனைக்கே பல நூறு டாலர் ஆகும். அந்தத் தொகையை விலையில் கழித்துப் பேசலாம். ஒழுகிய சுவருக்கும் பழைய கேன்வாஸுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: இது மாற்றக்கூடியது.

விற்பவர் உதவியில்லாமல் நீங்களே ஒரு படுக்கையைத் திறந்து மூடிப் பாருங்கள். தட்டு தொங்காமல் நேராக நிற்க வேண்டும், மூடும்போது நான்கு பக்கமும் ஒரே மாதிரி அழுந்த வேண்டும். மழையில் பிள்ளைகள் காரில் காத்திருக்க, இதை நீங்கள்தான் செய்யப் போகிறீர்கள்.

மற்றவை, சுருக்கமாக

டயர் பக்கவாட்டில் டி.ஓ.டி. எழுத்துகளுக்குப் பின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம். டயரின் பூ (ட்ரெட்) எவ்வளவு இருந்தாலும் 6 வருடம் தாண்டிய டயரை மாற்றிவிட்டே கிளம்புங்கள். டயரின் உள்ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அச்சு வளைந்திருக்கலாம்.

உங்கள் வண்டியில் பூட்டி விளக்குகளையும் பிரேக்கையும் சோதியுங்கள். ஒன்டாரியோவில் 1,360 கிலோவும் அதற்கு மேலும் உள்ள ட்ரெய்லருக்கு பிரேக் கட்டாயம்; உங்கள் வண்டியில் ட்ரெய்லர் பிரேக்கை இயக்கும் பிரேக் கன்ட்ரோலர் இல்லாவிட்டால் அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ட்ரெய்லர் வண்டியிலிருந்து கழன்றால் பிரேக் போடுவதற்கான அவசரப் பின்னை உருவினால் ட்ரெய்லர் சக்கரங்கள் இறுக வேண்டும்.

அடுப்பு, ஹீட்டர், வெந்நீர்க் கொதிகலன், ஏசி நான்கையும் ஓடவிட்டுப் பாருங்கள். குழாயை இணைத்துத் தண்ணீரைத் திறந்து, சிங்க்கின் அடியிலும் கழிப்பறைக்குப் பின்னாலும் டார்ச் அடியுங்கள். குளிர்காலத்துக்காக இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் ஏற்றிவிட்டோம், தண்ணீர் விட முடியாது என்பார்கள். அப்போது வசந்தத்தில் தண்ணீர்ச் சோதனை முடியும்வரை ஒரு தொகையை நிறுத்தி வைப்பதாக எழுதிக்கொள்ளுங்கள், அல்லது விலையைக் குறையுங்கள். சுபர்பன் நிறுவனக் கொதிகலனில், தொட்டிக்குப் பதிலாகத் தான் அரித்துப் போகும் ஒரு ஆனோட் கம்பி இருக்கும். அதைக் கழற்றிப் பார்த்தால் உரிமையாளர் எவ்வளவு கவனமாக இருந்தார் என்று தெரியும்.

கேஸ் கசிவு, கார்பன் மோனாக்சைடு, புகை மூன்றுக்கும் எச்சரிக்கைக் கருவிகள் உண்டு. பின்புறம் காலாவதித் தேதி இருக்கும். எட்டுப் பேர் தூங்கும் பெட்டி இது. தேதி கடந்திருந்தால் முதல் பயணத்துக்கு முன்பே புதிது வாங்கிப் போடுங்கள், இதில் சிக்கனம் வேண்டாம். கனடாவில் கேஸ் சிலிண்டருக்கு 10 வருடம்தான் ஆயுள். கழுத்து வளையத்தில் தேதி பொறித்திருக்கும்.

இதெல்லாம் நமக்கு வராது என்று தோன்றினால், என்.ஆர்.வி.ஐ.ஏ. எனும் பரிசோதகர் சங்கத்தின் சான்றிதழ் பெற்ற பரிசோதகர் ஒருவருக்குப் பணம் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம். தண்ணீர் விஷயத்தில் சந்தேகம் இருந்தால் அது வீண்செலவாகாது.

விலையும் காகிதமும்

பார்த்த குறைகளைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் சரிசெய்யும் செலவைப் போட்டு விற்பவர் முன் வையுங்கள். டயர் நான்கு, பேட்டரி, ஒரு ஜிப், கூரை சீலன்ட் என்று பெயர் சொல்லிக் குறைத்தால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. “கடைசி விலை என்ன?” என்று மட்டும் கேட்பதைவிட இது நன்றாக வேலை செய்யும்.

உரிமைப் பத்திரத்தில் உள்ள 17 இலக்க வி.ஐ.என். அடையாள எண்ணும் ட்ரெய்லரில் உள்ளதும் ஒன்றுதானா என்று சரிபாருங்கள். அந்த எண்ணை வைத்து ஒன்டாரியோவின் பி.பி.எஸ்.ஏ. பதிவேட்டில் கடன் பாக்கி இருக்கிறதா என்று தேடலாம், கட்டணம் சிறிது. முந்தைய உரிமையாளரின் கடன் தீராமல் இருந்தால் ட்ரெய்லர் உங்கள் கையை விட்டுப் போகக்கூடும். ரீகால் இருக்கிறதா என்று டிரான்ஸ்போர்ட் கனடா தளத்தில் தயாரிப்பாளர், வருடம் போட்டுப் பாருங்கள், அமெரிக்காவில் என்.எச்.டி.எஸ்.ஏ. தளம். கையெழுத்திட்ட விற்பனைச் சீட்டு வாங்கிக்கொண்டு சர்வீஸ் ஒன்டாரியோவில் பெயர் மாற்றுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். கார் காப்பீடு ட்ரெய்லருக்கு ஏற்படும் சேதத்தைத் தானாக ஏற்றுக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். ஓட்டுநர் உரிமம் சாதாரண ஜி வகுப்பே போதும், ட்ரெய்லரின் மொத்த எடை 4,600 கிலோவைத் தாண்டாத வரை.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் இரவை டிரைவ்வேயிலேயே குடும்பத்தோடு தங்கிப் பாருங்கள். எது ஒழுகுகிறது, எது வேலை செய்யவில்லை, யாருக்கு எந்தப் படுக்கை என்பதெல்லாம் வீட்டுக் கழிப்பறை பத்தடியில் இருக்கும்போது தெரிவது நல்லது. விரிக்கும் வரிசையைப் பழகிக்கொள்ளுங்கள்: பக்கவாட்டில் சமன் செய்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, வண்டியைக் கழற்றி, முன்பின் சமன் செய்து, நான்கு மூலைத் தாங்கிகளையும் இறக்கிய பிறகே படுக்கையைத் திறக்க வேண்டும். தாங்கி இறக்காமல் பின்படுக்கையைத் திறந்து பிள்ளைகள் ஏறினால் ட்ரெய்லர் பின்னால் சாயும்.

அடுத்து, பயணத்துக்கு ஏற்றுவது போலவே எல்லாம் ஏற்றி, எல்லோரையும் உட்காரவைத்து, நெடுஞ்சாலையோர டிரக் நிறுத்தம் ஒன்றில் கேட் ஸ்கேல் எடைமேடையில் ஏற்றுங்கள். முன் சக்கரம், பின் சக்கரம், ட்ரெய்லர் சக்கரம் என்று தனித்தனியாகச் சீட்டு தருவார்கள். வண்டியின் இரண்டு அச்சு எண்களையும் கதவுச் சட்டத்தில் எழுதியிருக்கும் அச்சு வரம்புகளோடு ஒப்பிடுங்கள். பின் அச்சு மிஞ்சினால் வண்டியில் இருக்கும் கனமான சாமானை ட்ரெய்லரின் அச்சுக்கு நேர் மேலே மாற்றி, மறுபடி எடை போடுங்கள்.